மீயொலித் தூரமானி

மனிதச் செவிக்கு எட்டாத, வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை ஒரு பொருளின்மீது செலுத்தி, அது மோதித் திரும்பிவரப் பிடிக்கும் காலத்தைக் கணித்து, அக்காலத்தினின்றும் தூரத்தை அறியும் சாதனம் மீயொலித் தூரமானியாகும். பொழுதுபோக்காக மின்னணு வித்தை பயில்வோரிடையே பெருவழக்காய் இருப்பது எச்.சி.-எஸ்.ஆர்.04 என்னும் மலிவான உணரியும், அதனை ஆளும் அர்டுயினோ ஊனோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையுமாம்.

இதன் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். அழுத்தத்தால் சில படிகங்களில் மின்சாரம் பிறப்பதை 1880இல் கியூரி சகோதரர் கண்டனர். முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும்பொருட்டு லான்ஜவன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அத்தத்துவத்தைக் கொண்டு நீருக்குள் மீயொலியை எழுப்பினார். 1978இல் போலராய்டு கம்பெனியார் தம் புகைப்படக் கருவியில் தூரம் அறிய இதனை அமைத்த பின்னரே இது சாமானியர் கைக்கு வந்தது. அர்டுயினோ 2005இல் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் தோன்றியது.

உணரியின் முகத்தில் காணும் இரு வட்டக் குமிழ்களுள் ஒன்று ஒலிக்கும், மற்றொன்று கேட்கும். ‘டிரிக்’ என்று பொறித்த காலில் 10 மைக்ரோ வினாடி நேரம் மின்னழுத்தம் கொடுத்தால், வினாடிக்கு 40,000 அதிர்வுள்ள ஒலி எட்டுத் துடிப்புகளாகப் புறப்படும். ‘எக்கோ’ என்னும் கால், ஒலி புறப்பட்டதும் உயர்ந்து பிரதித்வனி வந்ததும் தாழும். உயர்ந்து நின்ற காலத்தைப் பலகை மைக்ரோ வினாடிகளில் எண்ணிக்கொள்கிறது. அவ்வெண்ணை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும் என்பது இத்துறையில் எல்லோரும் மனப்பாடமாய்ச் சொல்லும் சூத்திரம். 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கலாம் என்பர். ஆயினும் துணி முதலிய மென்பொருள்கள் ஒலியை விழுங்கிவிடுவதாலும், சாய்ந்த பரப்புகள் அதனை வேறு திசையில் அனுப்பிவிடுவதாலும், அவ்வெல்லை நடைமுறையில் பெரிதும் குறுகிவிடும். 3.3 வோல்ட்டில் இயங்கும் ஈ.எஸ்.பி.32 போன்ற பலகைகளோடு இணைப்போர், எக்கோ காலினின்றும் வரும் 5 வோல்ட்டை இரு மின்தடைகளால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கண்ட 58 என்ற எண்ணை ஆராயாமல் கையாளுவதே கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பிழைக்கு மூலகாரணமாகிறது. ஏனெனில் இச்சாதனம் அளப்பது காலத்தையேயன்றித் தூரத்தையன்று, காலத்தைத் தூரமாக்கித் தருவது இடையிலுள்ள காற்றின் உஷ்ணநிலையேயாம். காற்றில் ஒலியின் வேகம் பூஜ்ய டிகிரியில் வினாடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் அது 0.6 மீட்டர் கூடும். 58 என்ற எண், 22 டிகிரியளவு குளிர்ந்த மார்கழிக் காலைக்குப் பொருந்தும். கத்திரி வெயிலில் 40 டிகிரி உள்ளபோதோ ஒலி 355 மீட்டர் வேகத்தில் விரைந்து திரும்பிவிடுவதால், 100 செ.மீ. தூரம் 97 செ.மீ. என்றே காட்டப்படும். கடலோரக் காற்றின் ஈரமும் வேகத்தைச் சற்று உயர்த்துமெனினும், அதன் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாதலின் வீட்டு உபயோகத்தில் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இப்பிழையின் விளைவு தெளிவாகத் தெரியும். உணரியை மூடியில் பொருத்தி, நீர்ப்பரப்பு வரையுள்ள தூரத்தைத் தொட்டியின் உயரத்தினின்றும் கழித்து நீர்மட்டம் காண்பது வழக்கம். வெயிலில் தூரம் குறைந்து தோன்றவே, நீர் உள்ளதைவிட அதிகமாக இருப்பதாகக் கருவி சொல்லும். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 3 செ.மீ. என்பது 23 லிட்டருக்கும் மேலாகும். உஷ்ணமானி ஒன்றைச் சேர்த்துத் திருத்தலாமே எனில், கறுப்புத் தொட்டியின் மூடியருகே காற்று கொதிக்க, நீருக்கு அண்மையில் அது குளிர்ந்தே இருக்குமாதலின், மூடியில் வைத்த உஷ்ணமானி அளவுக்கு மீறித் திருத்திவிடும். பாதி உயரத்தில் தொங்கவிடுதல் நலம். தொட்டியின் ஆவி திறந்த குமிழ்களை விரைவில் அரித்துவிடுமாதலால், கடலூர் போன்ற உப்புக் காற்றுள்ள ஊர்களில் நீர்புகா வகையே உகந்தது. ஆனால் அவ்வகை 20 செ.மீ.க்கு உட்பட்டதை அறியாதாகையால், தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேலே அவ்வளவு உயரத்தில் அதனை நிறுத்த வேண்டும்.

பெரிய நீர்நிலைகளுக்கு வரும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. கொள்ளிடத்துக் கீழணையினின்றும் வடவாறு வழியே நீர் பெற்று, 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் வழங்கிவரும் வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.5 அடி. இத்தகைய ஏரியில் நீருக்கு 3 மீட்டர் மேலே தூணில் ஓர் உணரியை அமைத்தால், உச்சி வெயிலில் 9 செ.மீ., அதாவது கால் அடிக்கும் மிகுதியான பொய்யுயர்வு தோன்றும். வெள்ளக் காலத்தில் மதகைத் திறப்பது பற்றி முடிவுசெய்வோருக்கு அது அற்பமான அளவன்று. பரங்கிப்பேட்டையருகே வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஓதத்தை அளக்கப் புகுவோருக்குத் தொல்லை வேறு வகையினது: காலை 26 டிகிரியும் பிற்பகல் 36 டிகிரியும் ஆகும் ஒரு நாளில், அதே 3 மீட்டர் உயரத்தில், அசையாத நீர்கூட 5 செ.மீ. ஏறி இறங்குவதாக ஏட்டில் பதிவாகும். இவ்வட்டார மீனவர் ஆழம் அறியப் படகில் வைத்துக்கொள்ளும் எக்கோ சவுண்டர், வினாடிக்கு 1,500 மீட்டரளவு வேகத்தில் ஒலி செல்லும் கடல்நீருக்கென்றே அமைந்தது. காற்றுக்குரிய இவ்வுணரி அதற்கு மாற்றாகாது.

உஷ்ணத்தால் நேரும் இத்தொல்லைக்கு உஷ்ணமானியினும் நேரான பரிகாரம் ஒன்று உண்டு. அதே தூணில், வெயிலும் நிழலும் ஒப்பப் படும்படி இரண்டாவது உணரி ஒன்றை வைத்து, சரியாக ஒரு மீட்டர் தூரத்தில் நிலையாய்ப் பொருத்திய தகட்டை அது நோக்கும்படி செய்தால், அத்தகட்டுக்குச் சென்றுவர ஒலி எடுக்கும் காலமே அந்தக் க்ஷணத்தில் காற்றில் ஒலியின் வேகத்தைக் காட்டிவிடும். நீரை நோக்கும் உணரியின் காலத்தை அதனால் வகுத்தால் உண்மைத் தூரம் மீட்டரிலேயே கிடைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒன்றின் எதிரொலியை மற்றொன்று தன்னுடையதென்று கொள்ளுமாதலின், 60 மில்லி வினாடி இடைவெளி விட்டு மாறிமாறி ஒலிக்கச் செய்து, பல அளவுகளை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதைக் கொள்ள வேண்டும்.