நாவன்மையும் நயவஞ்சகமும்

தம் சமுதாயத்தைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் அஞ்சியது, நாவில் அறிவும் நெஞ்சில் வஞ்சகமும் கொண்ட மனிதனையே என்ற கருத்தமைந்த நபிமொழி ஒன்று, இரண்டாம் கலீஃபா உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பட்டு, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலின் ‘முஸ்னத்’ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஈமான் எனும் இறைநம்பிக்கையை வெளியில் காட்டி, அதற்கு மாறானதை உள்ளே மறைப்பவன் முனாஃபிக், அதாவது நயவஞ்சகன். அவனுக்கு இந்நபிமொழி ‘அலீமுல் லிஸான்’, நாவால் அறிஞன், என்ற அடைமொழியையும் சேர்க்கிறது. பேசத் தெரியாத வஞ்சகனால் விளையும் கேடு பெரும்பாலும் அவனோடு நின்றுவிடும். பேச்சில் வல்லவனோ மார்க்கத்தின் மொழியிலேயே பேசி, மார்க்கத்தை நேசிப்போரின் மதிப்பைப் பெற்று, அந்த மதிப்பைக் கொண்டே அவர்களை வழிநடத்தும் இடத்துக்கு வந்துவிடுகிறான்.

இந்த அச்சத்தை உமர் (ரலி) அவர்கள் வெறும் அறிவுரையாக வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அஹ்னஃப் இப்னு கைஸின் வரலாறு சான்றாகும். பஸ்ராவில் வாழ்ந்த தமீம் குலத்தவரான அஹ்னஃப், பொறுமைக்கும் தெளிந்த பேச்சுக்கும் பிற்காலத்தில் பழமொழி போலப் பெயர் பெற்றவர். பஸ்ராவிலிருந்து மதீனாவுக்கு வந்த தூதுக்குழு ஒன்றில் அவரும் இருந்தார். அவருடைய பேச்சைக் கேட்ட கலீஃபா, மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு அவரை மட்டும் ஓராண்டுக் காலம் மதீனாவிலேயே நிறுத்திக்கொண்டார். ஆண்டு முடிந்தபின் அதற்கான காரணத்தை அவரிடமே திறந்து சொன்னார்: நாவால் அறிஞனான நயவஞ்சகனைப் பற்றி நபிகளார் எச்சரித்திருந்ததால், அவரும் அத்தகையவராக இருப்பாரோ என்ற ஐயம் எழுந்தது, சோதித்துப் பார்த்ததில் அவருடைய வெளிப்புறத்தில் நன்மையைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை, உட்புறமும் அவ்வாறே இருக்கும் என்று நம்புவதாகக் கூறி அவரை அனுப்பிவைத்தார். அத்தோடு பஸ்ராவின் ஆளுநரான அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கும், அஹ்னஃபை அருகில் வைத்துக்கொண்டு அவரிடம் ஆலோசனை கேட்குமாறு கடிதம் எழுதினார் என்று வரலாற்று ஆசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை பல உண்டு. ஒரு மனிதரின் சொல்வன்மை அவருக்கு உடனடியாகப் பதவியைப் பெற்றுத் தரவில்லை. அதே நேரத்தில் அது அவர்மீது குற்றமாகவும் சுமத்தப்படவில்லை. காலம் மட்டுமே அங்கு நடுவராக அமர்த்தப்பட்டது. ஓராண்டு என்பது ஐவேளைத் தொழுகையிலும் கடைத்தெருக் கொடுக்கல் வாங்கலிலும் கோபம் வரும் தருணங்களிலும் ஒருவரை அருகிருந்து பார்க்கப் போதுமான காலம். சோதனை முடிந்தபின் உமர் (ரலி) அவர்கள், வெளிப்புறத்தை அறிந்ததாக மட்டுமே சொன்னார்கள். உட்புறத்தைப் பற்றி நம்பிக்கை தெரிவித்தார்களே தவிர, அறிந்துவிட்டதாகக் கூறவில்லை. நெஞ்சுக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் கலீஃபாவுக்கும் கிடையாது என்ற தெளிவு அந்தச் சொல்லமைப்பிலேயே இருக்கிறது.

பேச்சைக் கொண்டு நாவன்மை மிக்க வஞ்சகனை ஏன் கண்டறிய முடியாது என்பதற்கு மதீனாவின் முதல் பத்தாண்டுகளே விளக்கம் தருகின்றன. கஸ்ரஜ் குலத்தின் பெருந்தலைவரான அப்துல்லாஹ் இப்னு உபை, நபிகளார் 622ஆம் ஆண்டில் மதீனாவுக்கு ஹிஜ்ரத், அதாவது இடப்பெயர்வு, செய்து வருவதற்குச் சற்றுமுன், அவ்வூர் மக்களால் முடிசூட்டப்படும் நிலையில் இருந்தவர். ஊரார் இஸ்லாத்தைத் தழுவியபோது அவரும் தழுவினார். வெள்ளிக்கிழமைதோறும் நபிகளார் உரையாற்ற அமர்ந்ததும், இப்னு உபை பள்ளிவாசலில் எழுந்து நின்று, மக்களுக்கிடையே இறைத்தூதர் இருப்பதை நினைவூட்டி, அவர் மூலம் இறைவன் அவர்களைக் கண்ணியப்படுத்தியிருப்பதால் அவருக்குத் துணைநிற்குமாறும் அவர் சொல் கேட்டு நடக்குமாறும் பேசிவிட்டு அமர்வது வழக்கம் என்று இப்னு இஸ்ஹாக் எழுதிய நபி வரலாறு கூறுகிறது. அந்தப் பேச்சில் பிழையான சொல் ஒன்றுகூட இல்லை. உண்மையான நம்பிக்கையாளர் ஒருவர் எழுந்து நின்றிருந்தாலும் அதையேதான் பேசியிருப்பார்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், அதாவது 625இல், உஹுத் போர்க்களத்தை நோக்கி ஏறத்தாழ 1000 பேர் புறப்பட்டபோது, இப்னு உபை தம்மைச் சேர்ந்த 300 பேரோடு பாதி வழியில் திரும்பிவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணமும் கேட்போருக்கு நியாயமாகவே தோன்றக்கூடியது: ஊருக்குள்ளிருந்தே போரிடலாம் என்ற தம் யோசனையைப் புறக்கணித்து, இளைஞர்களின் சொல் கேட்கப்பட்டது என்றார். போர் முடிந்த பின் வந்த வெள்ளிக்கிழமையிலும் அவர் வழக்கம்போல எழுந்து நின்று அதே வாசகங்களைத் தொடங்கினார். இம்முறை சுற்றியிருந்தவர்கள் அவருடைய ஆடையைப் பல பக்கங்களிலிருந்தும் பிடித்திழுத்து, செய்ததைச் செய்துவிட்டு அவ்வாறு பேசும் தகுதி அவருக்கு இல்லை என்று அமரச் சொன்னார்கள். அவர் அமர்ந்திருந்தோரின் தோள்களைத் தாண்டிக்கொண்டு வெளியேறினார். வாசலில் எதிர்ப்பட்ட ஒருவர், திரும்பிச் சென்றால் நபிகளார் பாவமன்னிப்புக் கேட்டுப் பிரார்த்திப்பார்கள் என்று எடுத்துச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார். சொற்கள் அன்றைக்கும் மாறவில்லை. அவற்றைச் சொன்னவர் விலை கொடுக்க வேண்டிய நேரத்தில் என்ன செய்தார் என்பதை மக்கள் கண்டுவிட்டார்கள் என்பதே வேறுபாடு.

கண்ட பிறகும் நாவன்மையின் பிடி முற்றிலும் தளர்ந்துவிடவில்லை என்பது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி. பனூ முஸ்தலிக் குலத்தார்மீதான படையெடுப்பின்போது, நீர்நிலை அருகே எழுந்த சிறு சச்சரவைப் பயன்படுத்தி, மதீனா திரும்பியதும் வலியோர் எளியோரை வெளியேற்றுவர் என்று இப்னு உபை நபிகளாரையும், மக்காவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களான முஹாஜிர்களையும் குறித்துத் தம் கூட்டத்தாரிடம் பேசினார். அதைக் கேட்ட ஸைத் இப்னு அர்க்கம் (ரலி) என்ற இளைஞர், செய்தி நபிகளாரை எட்டச் செய்தார். இப்னு உபை அழைத்து விசாரிக்கப்பட்டபோது, அவரும் அவருடைய தோழர்களும் அவ்வாறு பேசவில்லை என்று இறைவன்மீது ஆணையிட்டார்கள். பெரிய மனிதரின் சத்தியம் ஏற்கப்பட்டது. இளைஞர் பொய்யராகக் கருதப்பட்டு, அதுவரை அனுபவித்திராத துயரத்தோடு வீட்டுக்குள் அடைந்துகிடந்தார். அதன் பின்னரே திருக்குர்ஆனின் 63ஆம் அத்தியாயமான ‘அல்முனாஃபிகூன்’ அருளப்பட்டு, ஸைத் சொன்னது உண்மை என்பது உறுதியாயிற்று. நயவஞ்சகரின் தோற்றம் காண்போரைக் கவரும் என்றும், அவர்கள் பேசினால் கேட்கத் தோன்றும் என்றும், ஆயினும் அவர்கள் சாய்த்து வைக்கப்பட்ட மரக்கட்டைகளை ஒத்தவர்கள் என்றும் அவ்வத்தியாயத்தின் 4ஆம் வசனம் உணர்த்துகிறது. நாவன்மை மிக்க தலைவரின் வஞ்சகத்தால் முதலில் அடிபடுவது, உண்மையைச் சொன்ன எளியவரின் பெயர்தான் என்பதை ஸைத் (ரலி) அவர்களின் அந்த நாட்கள் காட்டுகின்றன. எந்தக் காலத்துச் சபையும் இதை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் கொண்டு, இஸ்லாம் சொல்வன்மையையே வெறுக்கிறது என்று எவரும் முடிவுகட்டுவது பெரும் பிழையாகும். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்கள் நபிகளாரின் பேச்சாளர் என்றே அழைக்கப்பட்டார். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு மதீனாப் பள்ளிவாசலுக்குள்ளேயே மேடை அமைத்துத் தரப்பட்டது. பேச்சில் சூனியம் போன்ற ஈர்ப்பு உண்டு என்று நபிகளாரே கூறியிருக்கிறார்கள். எனினும், அந்த ஈர்ப்பைக் கையாள்வோருக்கு வைக்கப்பட்டுள்ள எச்சரிக்கைகள் வேறெந்தத் துறையாருக்கும் வைக்கப்பட்டவற்றைவிடக் கடுமையானவை. நன்மையை ஏவிவிட்டுத் தாம் அதைச் செய்யாதிருந்தவர் மறுமையில், செக்கைச் சுற்றும் கழுதையைப் போல, சரிந்து விழுந்த தம் குடலைச் சுற்றி வருவார் என்று உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. அறிஞர் என்று பெயரெடுப்பதற்காகக் கற்றுக் கற்பித்தவர், முதன்முதலில் விசாரிக்கப்பட்டு நரகில் எறியப்படும் மூவருள் ஒருவர் என்பது ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தரும் செய்தி.

மார்க்க அறிஞர்கள் நிஃபாக் எனும் நயவஞ்சகத்தை இரு வகையாகப் பிரிக்கின்றனர். நம்பிக்கையே இல்லாமல் நம்புவதாக நடிப்பது முதல் வகை. நம்பிக்கை இருந்தும் பொய், வாக்குமீறல், அமானித மோசடி போன்ற நயவஞ்சகரின் பண்புகள் நடத்தையில் படிந்திருப்பது இரண்டாம் வகை. முதல் வகையைச் சேர்ந்தவர் என்று குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டுவதற்கு, வஹீ எனும் இறைச்செய்தி நின்றுபோன பிறகு எவருக்கும் உரிமை இல்லை. கலிமா எனும் இஸ்லாமிய உறுதிமொழியைச் சொன்ன எதிரி அச்சத்தால்தான் அதைச் சொன்னான் என்று கருதி அவனைக் கொன்றுவிட்ட உஸாமா (ரலி) அவர்களிடம், அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்ததுண்டா என்று நபிகளார் கடிந்து கேட்டது இதற்குப் போதிய ஆதாரம். தமக்குப் பிடிக்காத மார்க்க அறிஞரையெல்லாம் முனாஃபிக் என்று தூற்றுவோர், தொடக்கத்தில் கண்ட நபிமொழியை நயவஞ்சகத்துக்கு எதிராக அன்றி, தம் பகைக்கு ஆதரவாகவே பயன்படுத்துகிறார்கள்.

முன்னோர்களோ இந்தச் சோதனையைத் தம்மீதே நடத்திக்கொண்டார்கள். நயவஞ்சகர்களின் பெயர்களை நபிகளாரிடமிருந்து இரகசியமாக அறிந்திருந்த ஹுதைஃபா (ரலி) அவர்களிடம், தம் பெயரும் அதில் உண்டா என்று கேட்டவர், அஹ்னஃபைச் சோதித்த அதே உமர் (ரலி) அவர்கள்தாம். 30 நபித்தோழர்களைச் சந்தித்ததாகவும், அவர்கள் ஒவ்வொருவரும் தம்மிடம் நயவஞ்சகம் இருக்குமோ என்று அஞ்சியதாகவும் இப்னு அபீ முலைக்கா சொன்னதை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார். பயான் எனும் இன்றைய மார்க்க உரைகளும் குத்பா எனும் வெள்ளிக்கிழமை உரைகளும் ஒளிப்பதிவாகக் கைப்பேசி வழியே பரவி, பேசுபவரின் வீட்டையோ கணக்கையோ கண்டறியாத பல்லாயிரம் பேரைச் சென்றடைகின்றன. உமர் (ரலி) அவர்கள் எடுத்துக்கொண்ட அந்த ஓராண்டு, கேட்பவர்களுக்கு வாய்ப்பதே இல்லை. ஆகவே தம்மைத் தாமே சோதிக்கும் பொறுப்பு பேசுபவர்மீது முன்னெப்போதையும்விட அதிகமாக விழுகிறது.

அச்சோதனை எத்தகையது என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வில் மிக அருகில் காணலாம். 1091இல் பக்தாதின் நிஸாமிய்யா கல்விக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராக வந்து, 300 மாணவர்கள் சூழக் கற்பித்த அவர், தாம் கற்பிப்பதன் நோக்கத்தை ஆராய்ந்தபோது, அது இறைவனுக்காக அன்றிப் புகழுக்காகவும் பதவிக்காகவும் அமைந்திருப்பதைக் கண்டு நடுங்கியதாகத் தம் ‘அல்முன்கிது மினள்ளலால்’ நூலில் எழுதியிருக்கிறார். 1095ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள், போவதா நிற்பதா என்று அவர் மனம் அலைந்தது. இறுதியில் அவர் நாவே கட்டுண்டது, மாணவர்களின் மனம் நோகாதிருக்க ஒரு நாளாவது பாடம் சொல்லிவிட முயன்றும் ஒரு சொல்லும் எழவில்லை, உணவும் இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிட்டனர். குடும்பத்துக்குத் தேவையானதை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றச் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அவர் சிரியாவுக்குப் புறப்பட்டார். திமிஷ்க் எனும் டமாஸ்கஸ் நகரின் பெரிய பள்ளிவாசல் மினாராவில் கதவை அடைத்துக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருந்தார்.

அவர் நிரந்தரமாக மௌனியாகிவிடவில்லை. 1106இல் நைசாப்பூரின் நிஸாமிய்யாவில் மீண்டும் கற்பிக்க வந்தார். முன்பு பதவியைப் பெற்றுத் தரும் அறிவின்பால் சொல்லாலும் செயலாலும் மக்களை அழைத்ததாகவும், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் அறிவின்பால் அழைப்பதாகவும் அவரே வேறுபடுத்திக் காட்டுகிறார். பின்னர் அந்தப் பொறுப்பையும் விட்டுத் தம் ஊரான தூஸுக்குத் திரும்பி, வீட்டை ஒட்டியே மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்குக் கான்காஹ் எனும் ஒரு தங்குமிடமும் அமைத்து, 1111இல் இறக்கும்வரை கற்பித்துக்கொண்டிருந்தார்.