கருவியின் சாவி யாரிடம்? இந்திய ஆய்வகங்களில் பொதுக்கருவி விதிகளின் வரலாறு

பல்கலைக்கழகத்தில் விலையுயர்ந்த கருவி நிற்கும் அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். காலணியை வெளியே விடவும், முன்பதிவின்றி நுழையக் கூடாது, பதிவேட்டில் கையொப்பமிடவும், பழுது கண்டால் உடனே தெரிவிக்கவும். எவரும் அதை ஒரு வரலாற்று ஆவணமாகப் படிப்பதில்லை. ஆயினும் அந்தத் தாளின் வரிகள் நான்கு பழைய வழக்குகளுக்குத் தரப்பட்ட தீர்ப்புகள். கருவி யாருக்கு உரியது? அதை யார் தொடலாம்? யார் காத்திருக்க வேண்டும்? கிடைக்கும் முடிவில் யாருடைய பெயர் இடம்பெறும்? ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இந்திய அறிவியல் இக்கேள்விகளுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகளைத் தந்து வந்திருக்கிறது.

தொடக்கத்தில் கருவி அதைச் செய்தவருக்கே உரியதாக இருந்தது. 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் சேர்ந்த ஜகதீச சந்திர போசுக்கு ஆய்வுக்கென முறையான ஆய்வகம் தரப்படவில்லை. 1890களில் அவர் நடத்திய மின்காந்த அலை ஆய்வுகளுக்கான கருவிகளை உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, அவர் துணையோடு செய்துகொண்டார். இத்தகைய கருவிக்கு விதிமுறை தேவைப்படவில்லை. செய்தவருக்கே அதன் குறையும் நிறையும் தெரியும். பழுதானால் திருத்துபவரும் அவரே. ஆனால் அதே காரணத்தால் அது பிறருக்குப் பயன்படவும் இல்லை.

பொதுக்கருவி என்னும் கருத்து அதே நகரத்தில், அதற்கும் முன்பே, வேறொரு கூடத்தில் விதைக்கப்பட்டிருந்தது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கத்தை நிறுவினார். பொதுமக்களின் நன்கொடையில் எழுந்த அச்சங்கம் அரசுக் கல்லூரி எதற்கும் கட்டுப்பட்டதன்று. பட்டமோ பதவியோ கேளாமல், அறிவியலில் நாட்டமுள்ள இந்தியர் வந்து கற்கவும் ஆராயவும் ஓர் இடம் வேண்டும் என்பதே சர்க்காரின் நோக்கம். விரிவுரைகள் நடந்தன, கருவிகள் சேர்ந்தன. எனினும் அக்கருவிகளைக் கொண்டு தொடர்ந்து ஆய்வு செய்ய நீண்ட காலம் ஆளில்லாமலே இருந்தது. 1904இல் மறைந்த சர்க்கார் தம் கனவு பலித்ததைக் காணவில்லை.

1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்த சி. வி. ராமன் அச்சங்கத்தின் கதவைத் தட்டினார். அவர் அப்போது எந்தக் கல்லூரியிலும் ஆசிரியர் அல்லர். கணக்குத் துறை அதிகாரி. இன்றைய கருவிக்கூடம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தை அவர் கையில் கொடுத்திருந்தால், 'துறை', 'நெறியாளர்', 'நிறுவனம்' என்னும் கட்டங்களை நிரப்ப வழியின்றித் திரும்பியிருப்பார். சங்கத்தின் செயலராயிருந்த அமிர்தலால் சர்க்கார் அவரை வரவேற்றார். அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவலகம் முடிந்தபின் மாலையிலிருந்து இரவு வரையிலும் ராமன் அங்கு ஆய்வு செய்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியராகப் பொறுப்பேற்ற பின்னரும் அவருடைய ஆய்வுகள் சங்கத்திலேயே தொடர்ந்தன.

அக்கூடத்தின் வரலாற்றில் இரண்டு செய்திகள் இன்றைய விதிகளை எழுதுவோர் கவனிக்கத் தக்கவை. முதலாவது, சங்கத்தின் உதவியாளர் ஆஷுதோஷ் டே பற்றியது. ராமனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவரே. கருவிகளை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. அந்த உழைப்பு நன்றியுரையோடு முடிந்துவிடவில்லை. ராமனோடு இணையாசிரியராக அவர் பெயர் ஆய்வுக்கட்டுரையில் அச்சேறியது. இரண்டாவது, 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பைப் பற்றியது. ஒளிச்சிதறல் ஆய்வில் சூரிய ஒளியைக் குவிப்பதற்கு ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் பயன்படுத்தியது 18 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்றை. விண்மீன்களைப் பார்க்கச் செய்த வில்லை திரவத்தில் சிதறும் ஒளியைப் பார்க்க உதவிற்று. 'கருவியை அதன் நோக்கத்துக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது' என்னும் விதி, கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும்போது எதைத் தடுக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விடுதலைக்குப் பிந்தைய காலத்தில் கருவியின் இயல்பே மாறியது. நீரஜ்நாத் தாஸ்குப்தா 1940களில் கல்கத்தாவில் மின்னணு நுண்ணோக்கியைத் தாமே கட்டியெழுப்பினார். அதற்கடுத்த தலைமுறை அத்தகைய கருவியை விலைக்கு வாங்கிற்று. நிறை நிறமாலைமானி, அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலைமானி ஆகியவை மூடிய பெட்டிகளாக வெளிநாட்டிலிருந்து வந்தன. அவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். இறக்குமதி உரிமம் வேண்டும். ஓர் உதிரிப்பாகம் பழுதானால் மீண்டும் அதே வழியில் நடக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒன்று என வாங்குவது நாட்டால் இயலாதது. ஒரு துறை வாங்கிப் பூட்டிவைத்தால், அடுத்த கட்டடத்தில் இருப்பவருக்கும் அது இல்லாத கருவியே.

இந்நிலைக்கு 1970களில் இரண்டு விடைகள் உருவாயின. பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழக அறிவியல் கருவி மையங்களை அமைக்க உதவியது. வளாகத்துக்குள் கருவிகளைப் பொதுவாக வைப்பதும், பழுது நீக்குவதும், அதற்கான ஆட்களைப் பயிற்றுவதும் அவற்றின் பணி. 1971இல் தொடங்கப்பெற்ற மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அப்பதிற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மண்டல உயர்நுட்பக் கருவி மையங்களை நிறுவியது. சென்னை, பம்பாய் ஐ.ஐ.டி.கள், இலக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், கல்கத்தா போசு நிறுவனம் ஆகியவற்றில் இவை அமைந்தன. பின்னர் சண்டிகர், நாக்பூர், ஷில்லாங் முதலிய இடங்களுக்கும் பரவின. 'சைஃப்' என்னும் சுருக்கப் பெயரால் இன்றைய மாணவர் அறிந்தவை இவையே.

இம்மையங்கள் 'யாருக்கு உரியது' என்னும் கேள்விக்குப் புதிய விடை தந்தன. கருவி ஒரு நிறுவனத்தின் கூரைக்கடியில் நின்றாலும், அதன் பயன் நாட்டுக்கு உரியது. கட்டணமும் அதற்கேற்ப வகுக்கப்பட்டது: கல்வி நிறுவனங்களுக்குக் குறைவு, தொழிற்சாலைகளுக்கு மிகுதி. ஆனால் 'யார் தொடலாம்' என்னும் கேள்விக்கு விடை கண்டிப்பானது. மாதிரியை அனுப்புபவர் ஆய்வாளர். அளப்பவர் மையத்தின் இயக்குநர். நெறியாளரின் கையொப்பமிட்ட படிவத்தோடு, கரைப்பான் எது, நச்சுத்தன்மை உண்டா என்னும் விவரங்களோடு சிறு குப்பிகள் அஞ்சலில் சென்றன. அவசரமானால் மாணவரே இரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்தது ஒரு வரைபடத் தாள்.

இக்கண்டிப்புக்குக் காரணம் அதிகாரம் மட்டுமன்று, இயற்பியலும் ஆகும். மின்னணு நுண்ணோக்கியின் உட்புறம் வெற்றிடம். ஈரமோ ஆவியாகும் பொருளோ கொண்ட மாதிரி அதற்குள் சென்றால் முழுக்கருவியும் மாசடையும். காந்த ஒத்திசைவுக் கருவியின் மீக்கடத்துக் காந்தம் எப்போதும் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அதனருகே கொண்டுசெல்லும் இரும்புத் துண்டு எறிபொருளாகிவிடும். இதயமுடுக்கி பொருத்தியவர் அருகில் வரலாகாது. மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று உள்ளே உடைந்தால், வரிசையில் நிற்கும் அனைவருடைய வாரங்களும் வீணாகும். ஒருவரின் கவனக்குறைவுக்குப் பலர் விலைகொடுக்கும் இடத்தில் விதி தவிர்க்க இயலாதது.

ஆனாலும் தொடாமலே கற்ற தலைமுறை ஒன்று உருவாயிற்று. வரைபடத்தில் தெரியும் சிறு முகடு மூலக்கூறுடையதா, மாசுடையதா, கருவியின் இரைச்சலா என்று பிரித்தறிய, அளக்கும்போது அருகில் நின்றிருக்க வேண்டும். மூன்றாவது விடை இங்கிருந்து பிறந்தது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பல்கலைக்கழகங்களுக்கு இடைப்பட்ட மையங்களை நிறுவ வழிவகுத்தது. அவற்றுள் முதலாவதாகப் புதுதில்லியில் அணு அறிவியல் மையம் எழுந்தது. இன்று அது பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் எனப்படுகிறது. அங்குள்ள பெல்லெட்ரான் துகள் முடுக்கி 1991 முதல் இயங்குகிறது. அங்குப் பயனர் மாதிரியை அனுப்பிவிட்டு ஊரில் காத்திருப்பதில்லை. முன்மொழிவை எழுதிப் பயனர் குழுவின் முன் வாதிட்டு, 8 மணி நேர முறைகளாகக் கற்றை நேரம் பெற்று, தாமே வந்து இரவும் பகலும் ஆய்வு நடத்துகிறார். சிறு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவரும் பெருநிறுவனப் பேராசிரியரும் ஒரே குழுவின் முன் நிற்கும் நிலை அப்போது வந்தது.

புனேக்கு வடக்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 உணர்கிண்ணங்களோடு நிற்கும் மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி, இவ்வழியில் இன்னும் ஓரடி சென்றது. அங்கும் நேரத்தை ஒரு குழுவே பங்கிடுகிறது. அத்துடன், பெற்ற தரவும் என்றென்றைக்கும் பெற்றவருக்கே உரியதன்று. 18 மாதங்களுக்குப் பின் அது பிறருக்கும் திறக்கப்படும். உரிமையும் பொதுநலமும் ஒரு காலவரம்பினால் இணக்கப்பட்டன. நுண்மின்னணுவியலில், இந்திய அறிவியல் கழகமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் நடத்திய பயனர் திட்டம், வெளியூர் ஆய்வாளர்களுக்குப் பயிற்சியளித்துத் தூய்மையறைக்குள் அழைத்துச் சென்றது. முதலில் பயிற்சி, பிறகு தேர்வு, அதன்பின் சாவி என்னும் வரிசைமுறை இன்று பல வளாகங்களில் வழக்காகியுள்ளது.

2020 சனவரி 3 அன்று பெங்களூரு அறிவியல் மாநாட்டில் தொடங்கிவைக்கப்பட்ட 'ஐ-ஸ்டெம்' இணையவாயில், எந்தக் கருவி எங்குள்ளது என்பதை நாடு முழுவதற்கும் காட்ட முற்பட்டது. 2022இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட 'ஸ்ரீமான்' வழிகாட்டு நெறிகள், பொதுப்பணத்தில் வாங்கிய ஆய்வுக் கட்டமைப்பைப் பகிர்வதையும் பேணுவதையும் கொள்கையாக வகுத்தன. 1876இல் ஒரு மருத்துவரின் விருப்பமாக இருந்தது, அரசின் நெறியாக எழுதப்பட்டுவிட்டது.

எழுதப்பட்டதனாலேயே கதவு திறந்துவிடாது. பட்டியலில் உள்ள கருவிக்கு இயக்குநர் பணியிடம் நிரப்பப்படாமல் இருக்கலாம். பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கலாம். வாங்குவதற்கு ஒருமுறை பணம் கிடைத்துவிடுகிறது; ஹீலியத்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் ஆண்டுதோறும் கிடைப்பது அரிது. வெளியார் வரிசை என்றும் உள்ளார் வரிசை என்றும் இரண்டு இருக்கையில், இரண்டாவது நகர்ந்துகொண்டேயிருக்கும். முனைவர் பட்டத்துக்கு 6 ஆண்டு எல்லை வகுத்த நாட்டில், ஒரு மாதிரிக்கு நான்கு மாதம் காத்திருப்பது சிறு இடையூறு ஆகாது. எந்தக் கேள்வியை ஆராயலாம், எதைக் கைவிட வேண்டும் என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது. பெருநகரத்தில் இருப்பவர் கேள்விக்கேற்ற கருவியைத் தேடுகிறார்; சிற்றூர்க் கல்லூரியில் இருப்பவர் கிடைக்கும் கருவிக்கேற்ற கேள்வியைத் தேடுகிறார்.

இந்த வரலாற்றிலிருந்து நல்ல விதியின் இலக்கணத்தைத் திரட்டிக்கொள்ளலாம். வரிசை ஒன்றாகவும் எல்லோரும் காணத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். வெளியாருக்கென ஒதுக்கிய நேரம் துறைத்தலைவரின் தயவில் நிற்கக் கூடாது. ஒவ்வொரு தடையும் தன் காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணம் அறிந்தவரே அதை மதிப்பர், காரணம் காலாவதியானால் மாற்றவும் துணிவர். பழுதை உடனே தெரிவிப்பவருக்குத் தண்டனை இருக்கலாகாது. தண்டிக்கும் கூடத்தில் பதிவேடு தூய்மையாக இருக்கும், கருவி மட்டும் இரகசியமாகப் பழுதடைந்துகொண்டிருக்கும். இரவில் விழித்துக் கருவியை இயக்கியவர் முடிவை விளக்கவும் உதவியிருந்தால், அவர் பெயர் ஆஷுதோஷ் டேயின் பெயரைப் போல ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும்.

விதித்தாளை அலுவலகக் காகிதம் என்று எண்ணிக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவரை எவ்வளவு நம்புகிறது என்பதை, அதன் கொள்கை அறிக்கையைவிட, கருவியறைக் கதவில் ஒட்டிய அந்த ஒற்றைத் தாள் உண்மையாகச் சொல்லிவிடும்.