பலகை இல்லாத வளையம்

தர்மபுரியிலிருந்து ஓசூர் போகிற ரயில் பாதையில், பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே மாரண்டஹள்ளி. அங்கே ஒரு மைதானத்தில் கூடைப்பந்துக் கம்பம் ஒன்றைப் பார்த்தேன். வளையத்துக்குப் பின்னால் இருக்கவேண்டிய பலகை எப்போதோ போய்விட்டது. துருப்பிடித்த வளையம் மட்டும் அநாதையாக நிற்கிறது. "போர்டே இல்லாம எப்படி சார் கோல் போடறது?" என்று பையன்கள் அலுத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். கம்பத்தடியில் நாலைந்து பெண்பிள்ளைகள். அதில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், மற்றவர்களைவிட ஒரு முழம் உயரம். உயரமான பெண்கள் எல்லா ஊரிலும் நிற்கிற மாதிரியேதான் அதுவும் நின்றது. தோளைக் குறுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து, யாருக்கோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பெயர் கேட்டேன். அது வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த வாண்டு முந்திக்கொண்டது: "பனைமரம் சார்!"

பலகையே இல்லாத வளையத்தில் பந்து போடுகிற ஆட்டங்கள் உலகத்தில் இருக்கின்றன என்றேன். யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

ஒன்று, கோர்ஃப்பால். டச்சு மொழியில் 'கோர்ஃப்' என்றால் கூடை. நிக்கோ புரூக்ஹாய்சன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் 1902-ல் ஸ்வீடனுக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே பார்த்த ஒரு வளையப்பந்து ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் மாற்றித் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓர் அணியில் எட்டு பேர். நாலு ஆண், நாலு பெண். அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! மூன்றரை மீட்டர் உயரத்தில் கூடை, பின்னால் பலகை கிடையாது. 1978-லிருந்து உலகக் கோப்பை நடக்கிறது. கிட்டத்தட்ட எல்லாக் கோப்பையும் நெதர்லாந்துக்குத்தான். 1991-ல் ஒரே ஒரு தடவை பெல்ஜியம் தட்டிப் பறித்தது. 1995 உலகக் கோப்பை எங்கே நடந்தது தெரியுமா? நம்ம புதுடெல்லியில்! உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

இன்னொன்று நெட்பால். இலங்கைத் தமிழர்கள் அழகாக 'வலைப்பந்தாட்டம்' என்பார்கள். இதன் பூர்வீகத்திலும் ஒரு ஸ்வீடன் வாசனை உண்டு. மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு அம்மணி, லண்டனில் பெண்களுக்காக ஓர் உடற்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் 1891-ல் உருவாக்கிய கூடைப்பந்து அங்கே வந்து சேர்ந்து, நீளப்பாவாடை கட்டிய பெண்கள் ஆடுவதற்குத் தோதாக மாறியது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது. பந்து வைத்திருப்பவரிடமிருந்து தடுப்பவர் மூன்றடி தள்ளியே நிற்கவேண்டும். அந்தக் கல்லூரியில் படித்த டீச்சர்கள் எங்கெல்லாம் கப்பலேறினார்களோ அங்கெல்லாம் ஆட்டமும் போனது. அதனால்தான் இன்றைக்கும் நெட்பால் வரைபடமும் பழைய பிரிட்டிஷ் சாம்ராஜ்ய வரைபடமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன: ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஜமைக்கா, மலாவி... அப்புறம் இலங்கை.

இலங்கை இதில் நேற்று வந்த நாடு இல்லை. ஆளுக்கு ஒரு விதிப்புத்தகம் வைத்துக்கொண்டிருந்த நாடுகள் 1960-ல் கூடி, பொது விதிகளைப் பற்றிப் பேசியதே இலங்கை மண்ணில்தான். 1963-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தபோது, வந்த 11 அணிகளில் சிலோனும் ஒன்று.

இனிமேல்தான் நம்ம கதாநாயகி வருகிறார்.

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் புன்னாலைக்கட்டுவன் என்றொரு ஊர். பலாலி பக்கம். பலாலி என்றால் விமானத்தளம், ராணுவம், குண்டு, இடப்பெயர்வு... எல்லாம் உங்களுக்கே தெரியும். அந்த ஊரில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் வளர்ந்தார், வளர்ந்தார், வளர்ந்துகொண்டே இருந்தார். கடைசியில் 208 சென்டிமீட்டரில் வந்து நின்றது. அடிக் கணக்கில் ஆறே முக்காலுக்கும் மேலே, ஆறடி பத்து அங்குலம். அவ்வளவு உயரத்தில் ஒரு பெண் பஸ்ஸில் ஏறினால், கோயிலுக்குப் போனால், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'பனைமரம்' அங்கேயும் உண்டு. சொல்லப்போனால் யாழ்ப்பாணத்தில்தான் ஜாஸ்தி!

மட்டக்களப்புப் பக்கம் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 2002-ல் போர்நிறுத்தம் வந்து, கண்டி நெடுஞ்சாலையான ஏ-9 திறந்து, வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்ட அந்தக் கொஞ்ச காலத்தில் இலங்கை அணிக்குள் வந்து சேர்ந்தார். அணியில் அநேகம் பேர் சிங்களம் பேசுகிறவர்கள். இவர் வாய் தமிழ் வாய். ஆனால் ஓர் அதிர்ஷ்டம்... பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போடு என்பதற்கு எந்த பாஷையும் வேண்டாம்.

ஏன் உயரம் இத்தனை முக்கியம்? நெட்பாலில் வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. பலகை இல்லை, பட்டுத் தெறித்து விழ வழியில்லை. அணியில் ஏழு பேர் ஆடினாலும், கோல் போடும் உரிமை இரண்டே பேருக்கு. அதுவும் வளையத்தைச் சுற்றிய அரைவட்டத்துக்குள் நின்றுதான் போடவேண்டும். மற்ற அணிகள் அந்த அரைவட்டத்துக்குள் பந்தைக் கொண்டுசேர்க்க வித்தை எல்லாம் காட்டவேண்டும். இலங்கைக்கு அது வேண்டாம். தடுப்பவர் எம்பிக் குதித்தாலும் தொட முடியாத உயரத்தில் பந்து வரும், தர்ஜினி கையை நீட்டி மாங்காய் பறிக்கிற மாதிரி எடுப்பார், நிதானமாகத் திரும்புவார், போடுவார். அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்கோர் போர்டுக்கு அழகெல்லாம் தெரியாது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். அதே 2009-ல் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை கோப்பையை வென்றது. கோல் போட்டது யாழ்ப்பாணத்துப் பெண். இந்த இடத்தில் உங்களில் பலருக்கு நெஞ்சில் ஏதோ முள் குத்தும். எனக்கும் குத்தியது. "அந்த நாட்டு ஜெர்ஸியை எப்படிப் போட்டுக்கொண்டார்?" என்று கேட்டவர்கள் உண்டு. நமக்கு அது சுலபமான கேள்வி. குண்டு விழாத ஊரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்டுவிடலாம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே தொழில் வளையத்தில் பந்து போடுவது. அவர் பிறந்த தீவுக்கு இருந்ததோ ஒரே ஒரு தேசிய அணி. அதற்கு மேல் அவரிடம் பதில் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அப்புறம் சில வருஷம் அணியில் இல்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பர்னில் கிளப் ஆட்டம் ஆடினார். 2018-ல் சிங்கப்பூரில் ஆசியப் போட்டி. திரும்ப வந்தார். இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரை 69-50 என்று தோற்கடித்தது இலங்கை. ஐந்தாவது முறை சாம்பியன்.

ஆசியா சரி, உலகம்? அங்கேதான் சிக்கல். 2019-ல் லிவர்பூலில் உலகக் கோப்பை. 16 நாடுகள். தர்ஜினி போட்டது மொத்தம் 348 கோல். அந்த உலகக் கோப்பையில் வேறு யாரும் அத்தனை போடவில்லை. அப்போது வயது நாற்பது! சரி, அணி எத்தனாவது இடம்? பதினைந்து. சிங்கப்பூருக்கு மட்டும் ஒரு படி மேலே.

உலகத்திலேயே அதிக கோல் போட்டவர் ஓர் அணியில். அந்த அணி கடைசிக்கு முந்தி. எப்படி? ஆஸ்திரேலியா மாதிரி அணிகள் தர்ஜினியைத் தடுக்கிற சிரமத்தையே குறைத்துக்கொண்டன. பந்து அவரிடம் வந்தால்தானே பிரச்னை? நடு மைதானத்திலேயே வழிமறித்தால் போச்சு. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரமாக இருந்து என்ன, மோட்டார் ஏற்றவேண்டாமா? ஒரே ஆளை நம்பி ஆட்டத்தைக் கட்டினால் வருகிற வினை இது. அவருக்குப் பின்னால் யார் என்ற கேள்வியை இலங்கை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. அதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. நாற்பது வயதில் அவர் ஓடவேண்டியிருந்தது என்பதே அந்த அணி நிர்வாகத்தின் மேல் வைக்கவேண்டிய குற்றச்சாட்டு.

2022. இலங்கையில் பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, மருந்து இல்லை. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டே ஓடினார். செப்டம்பர் 11-ம் தேதி துபாயில் பாகிஸ்தானை வென்று கிரிக்கெட் ஆசியக் கோப்பையை எடுத்தது இலங்கை. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே நாள் சிங்கப்பூரில், சிங்கப்பூரையே 63-53 என்று வென்று ஆறாவது முறையாக ஆசியக் கோப்பையைத் தூக்கினார்கள் வலைப்பந்துப் பெண்கள். அணியில் தர்ஜினியும் இருந்தார். இரண்டு நாள் கழித்து விமான நிலையத்திலிருந்து கொழும்புவரை இரண்டு அணிகளுக்கும் திறந்த பஸ்ஸில் ஊர்வலம். சாலை ஓரத்தில் சிங்களரும் தமிழரும் முஸ்லிமும் நின்று கையாட்டினார்கள். அதைக் கண்டு இனப்பிரச்னை தீர்ந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஊர்வல பஸ் சாயங்காலம் டிப்போவுக்குத் திரும்பிவிடும்.

இதையெல்லாம் மாரண்டஹள்ளியில் அந்தப் பிள்ளைகளிடம் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். வாண்டு வாயைப் பிளந்தது. உயரப் பெண் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்த அக்கா நின்னா, அங்கருந்து வளையம் எவ்ளோ தூரம் சார்?" என்று கேட்டது. பத்தடியில் ஆறடி பத்து அங்குலம் போக மூன்றடி இரண்டு அங்குலம் என்றேன். அது கம்பத்தடிக்குப் போய் நிமிர்ந்து நின்று, கையை மேலே நீட்டி, வளையத்தை அண்ணாந்து பார்த்தது.