நீர்மூழ்கிக் கப்பலில் தொடங்கிய வைத்தியம்

என் மாமா ஒவ்வோர் ஆண்டும் தைப் பொங்கலன்று சிகரெட்டை விடுவார். மாட்டுப் பொங்கலன்று மறுபடியும் பற்ற வைப்பார். மனத்திடம் இல்லாதவர் என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பளித்தோம். நானுந்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவரைப் பற்றி முடிவு கட்டுமுன் இந்த வரலாற்றைக் கேளுங்கள்.

புகையிலையிலிருந்து நிகோடினை 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பொசெல்ட், ரைமான் என்ற இருவர் தனித்துப் பிரித்தெடுத்தனர். ஆயினும் புகைப்பவரைக் கட்டிப்போடுவது அதுதான் என்று ஒப்புக்கொள்ள உலகம் வெகுகாலம் தயங்கிற்று. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் 1964ஆம் ஆண்டு அறிக்கைகூட, புகைத்தல் ஒரு பழக்கமே என்றது. நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்று அதே அலுவலகம் அறிவித்தது 1988இல்!

இதற்கிடையே சுவீடனில் ஒன்று நடந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாது. மாலுமிகளோ வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு சமாளித்தார்கள். லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் லுண்ட்கிரென் இதைக் கவனித்து, மருந்து நிறுவனமொன்றில் பணியாற்றிய தம் நண்பர் ஓவே ஃபெர்னோவுக்கு 1967இல் கடிதம் எழுதினார். புகையில்லாமல் நிகோடினை மட்டும் கொடுத்தால் என்ன? ஃபெர்னோவே பெரும் புகைப்பாளர். யோசனை அவரைப் பற்றிக்கொண்டது.

சூயிங்கம்மில் கலந்து தருவதென்று தீர்மானித்தார். சொல்வது எளிது. வெறுமனே கலந்தால் நாலு மெல்லலில் நிகோடின் முழுதும் வெளியேறிவிடும். ஆகவே, கடின நீரை மென்னீராக்கப் பயன்படுகிறதே, அந்த அயனிப் பரிமாற்றப் பிசின் வகையில் நிகோடினைப் பிணைத்தார். மெல்ல மெல்ல, உமிழ்நீரிலுள்ள அயனிகள் அதன் இடத்தைப் பிடிக்க, நிகோடின் சிறிது சிறிதாக விடுபடும். இன்னொரு தடை: அமிலத் தன்மையுள்ள உமிழ்நீரில் நிகோடின் மின்னூட்டம் பெற்றுவிடும், அந்த நிலையில் கன்னத்தின் உட்சவ்வை எளிதில் கடக்காது. அதனால் காரப் பொருளையும் சேர்க்க வேண்டியிருந்தது. நம் ஊரில் புகையிலை போடுபவர்கள் சுண்ணாம்பு சேர்க்கிறார்களே, அங்கு நிகழும் வேதியியலும் இதுவே.

சூயிங்கம் 1978இல் சுவிட்சர்லாந்தில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 1984இல், மருத்துவர் சீட்டின் பேரில். சிகரெட்டின் நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. இதற்கோ பல நிமிடங்கள் வேண்டும். ஆசையைத் தணிக்கும், அந்த 'சுரீர்' கிடைக்காது.

அடுத்து வந்த புப்ரோபியான், மனச்சோர்வுக்கான மருந்து. அதை உட்கொண்ட சிலர் சிகரெட்டில் நாட்டம் குறைந்ததாகச் சொன்னது மருத்துவர்களை விழிக்கச் செய்தது. 1997இல் இதற்கென்றே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு ஆகாது.

மிகச் சுவையான கதை சைட்டிசினுடையது. லேபர்னம் என்ற மஞ்சள் பூ மரத்தின் விதையில் உள்ள நச்சுப் பொருள் இது. பல்கேரியாவில் 1964இலேயே மாத்திரையாக விற்பனைக்கு வந்துவிட்டது. மூளையில் நிகோடின் சென்று பொருந்தும் ஏற்பிகளில் இதுவும் பொருந்தும். ஆனால் பூட்டைப் பாதிதான் திறக்கும். டோபமைன் ஓரளவு சுரப்பதால் தவிப்பு அடங்குகிறது. துவாரத்தில் சாவி ஏற்கெனவே இருப்பதால், புகைத்தாலும் நிகோடினுக்கு இடமில்லை. இதே அமைப்பைத் திருத்தி அமெரிக்க நிறுவனமொன்று உருவாக்கிய வரெனிக்ளின் 2006இல் வந்தது. மனநிலையைக் கெடுக்குமோ என்ற அச்சத்தால் 2009இல் கடும் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. சுமார் 8,000 பேரிடம் நடந்த சோதனைக்குப்பின் 2016இல் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது.

விலை மலிவான சைட்டிசினை மேற்கு நாடுகள் நெடுநாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இதை நான் விஞ்ஞானத்தின் குறை என்று சொல்லமாட்டேன், அரசியலின் குறை என்பேன். 2011இல் போலந்தில் 740 பேரிடம் நடந்த சோதனை வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின்னும் புகைக்காதவர்கள், சைட்டிசின் உட்கொண்டோரில் 8.4 சதவீதம், போலி மாத்திரை பெற்றோரில் 2.4 சதவீதம். மருந்து உண்டும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் விட முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். என் மாமாவிடம் மாத்திரையும் இருந்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் புகையிலையை விட உதவும் மருந்துகளைப் பரிந்துரைத்தது. அந்த வரிசையில், பல்கேரிய மாத்திரை வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், சைட்டிசினும் இடம்பெற்றது.