கசிவின் கணக்கு: கல்பாக்கம் சோதனை உலையும் நொய்யலும்



அண்ணலின் நினைவு நாளில் அணு உலையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1943 அக்டோபர் 25 அன்று பொதுப்பணி மற்றும் மின்சக்திக்கான கொள்கைக் குழுவுக்குத் தலைமையேற்றுப் பேசினார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால்தான் வறுமை நீங்கும் என்பது அவர் வாதம். எனவே மின்சாரம் எப்படி, யாருக்காக, யார் உடம்பின் மீது உற்பத்தியாகிறது என்று கேட்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற வேலை.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்குள் ஒரு சிறிய உலை இருக்கிறது. எஃப்.பி.டி.ஆர். என்பார்கள். வேக ஈனுலைகளுக்கான சோதனை உலை அது. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகை 0.7 சதவீதம் மட்டுமே. மீதியில் பெரும்பகுதியைப் புளூட்டோனியமாக மாற்றி எரிக்க முடியுமா என்று பார்ப்பதற்கான இடம் இது. நியூட்ரான்கள் வேகம் குறையாமல் ஓடினால்தான் அது நடக்கும். தண்ணீர் அவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் வெப்பத்தை எடுத்துச் செல்லத் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியத்தை ஓட விடுகிறார்கள். 98 டிகிரியில் உருகும் உலோகம் அது. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

பிரான்சின் ராப்சோடி உலையை மாதிரியாகக் கொண்டு, 1969-இல் அந்நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இதன் வேலை தொடங்கியது. 1974-இல் பொக்ரானில் குண்டு வெடித்ததும், செறிவூட்டிய யுரேனியம் தர பிரான்ஸ் மறுத்துவிட்டது. நம் விஞ்ஞானிகள் புளூட்டோனியம் கார்பைடும் யுரேனியம் கார்பைடும் கலந்த எரிபொருளைச் சொந்தமாகத் தயாரித்தார்கள். 1985 அக்டோபர் 18 அன்று உலை முதன்முதலாக இயங்கியது. 40 மெகாவாட் வெப்பத் திறனுக்கு வடிவமைக்கப்பட்ட அந்த உலை அந்த அளவை எட்டியது 2022 மார்ச்சில்தான். 36 ஆண்டுகளுக்கும் மேல்!

இந்தத் தாமதத்தைக் கேலி செய்ய நான் இங்கே வரவில்லை. 1987-இல் எரிபொருள் தொகுதியை இடம் மாற்றும்போது அது வளைந்து சிக்கிக்கொண்டது. சரிசெய்து மீண்டும் ஓட்ட ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆயின. 2002-இல் 75 கிலோ சோடியம் கசிந்தது. உலையில் இருக்கும் மொத்த சோடியம் ஏறத்தாழ 150 டன். அதில் கசிந்த 75 கிலோவுக்குக் கணக்கு இருக்கிறது. ஏன் கசிந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று அங்குள்ள விஞ்ஞானிகளே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். சோதனை உலை என்ற பெயரே 'எங்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது' என்ற ஒப்புதல்தான். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இப்போது திருப்பூருக்கு வாருங்கள். சோடியம் நமக்கும் புதிதல்ல. சாயப்பட்டறையில் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோமே, அந்த உப்பும் சோடியம்தான். பல ஆண்டுகள் அது நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அதை யாரும் சோதனை என்று சொல்லவில்லை. சிறிதாக முதலில் செய்து பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. ஒரு நதியே சோதனைக்கூடமானது. விவசாயிகள் நீதிமன்றம் போன பிறகுதான் கணக்கே தொடங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்பே வந்த இழப்பீடு, நிலத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. அந்தக் காடுகளில் களையெடுத்து, அறுத்துப் பிழைத்த நிலமற்ற நம் சனங்களின் கூலி எந்த ஏட்டில் ஏறியது? சாயக்கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவர்கள் எந்தச் சேரியிலிருந்து போனார்கள் என்று இந்த அரங்கில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்பாக்கத்திலும் மனிதர்கள் என்று வரும்போது கணக்கு தடுமாறியது. 2003 ஜனவரியில், அந்த வளாகத்திலுள்ள எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் வால்வு பழுதாகி, கடும் கதிரியக்கக் கழிவு வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் எச்சரிக்கும் கதிர்வீச்சுக் கருவி இல்லை. வேலைக்குப் போன 6 ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பாதுகாப்பு கேட்டுக் குரல் எழுப்பியது தொழிற்சங்கம். நிர்வாகம் வெளிப்படையாகப் பேச மாதங்கள் ஆயின. சோடியத்தை எடை போடும் கருவி இருந்தது. தொழிலாளி நின்ற இடத்தில் கருவி இல்லை.

இன்று அதே கல்பாக்கத்தில், சோதனை உலையில் கற்ற பாடத்தை வைத்து 500 மெகாவாட் ஈனுலை எழுந்திருக்கிறது. 2004-இல் அதன் கட்டுமானம் தொடங்கிய சில மாதங்களிலேயே சுனாமி வந்து அடித்தளக் குழியை நிரப்பியது. 2024 மார்ச்சில் உலையின் மையத்தை நிரப்பும் பணி தொடங்கியது. அதன் மின்சாரம் நாளை நம் பனியன் கம்பெனிகளையும் ஓட்டலாம்.

மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை. கரண்ட் போனால் முதலில் கூலி போவது பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்குத்தான். ஆனால் மாணவத் தோழர்கள் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும். அணு உலையானாலும் சாயப்பட்டறையானாலும், அங்கே எது கசிந்தது என்ற ஏடு எல்லோரும் படிக்கும்படி திறந்திருக்கிறதா? அந்த ஏட்டில் கசிந்த பொருளுக்குப் பக்கத்திலேயே, அங்கே நின்ற ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் இருக்கிறதா?

75 கிலோவுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த நாட்டுக்கு மனிதருக்குக் கணக்கு வைக்கத் தெரியாமல் இல்லை. வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் வேண்டும். அது நாமாக இருப்போம்.

ஜெய்பீம்.