ரயில் வராத ஊரின் மெக்கானிக்குகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979-இல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை அந்த வருடம் பாதை திறந்தது. திருநெல்வேலி இணைப்பு 1981-இல். அதுவரை சீக்காளியைத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோவதும், கல்யாணத்துக்கு ஆள் வருவதும், மூட்டை முடிச்சு போவதும் எல்லாம் ரோட்டு வழிதான். நாகர்கோவிலின் வடசேரியிலும் கோட்டாறிலும் வெட்டூர்ணிமடத்திலும் இத்தனை லேத்தும் டிங்கரிங் கொட்டகையும் எப்படி வந்தன என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ரோடும் நல்ல ரோடு. திருவிதாங்கூர் காலத்திலேயே திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை சிமென்ட் காங்கிரீட் போட்டுவிட்டார்கள். 1938-இல் அரசே பஸ் ஓட்டத் தொடங்கியது. சேசிஸ் இங்கிலாந்தின் காமர் கம்பெனியுடையது. அதன்மேல் பாடி கட்டியது நம் ஆட்கள். நாகர்கோவிலில் பயனியர் மோட்டார்ஸ் போன்ற தனியார் பஸ் கம்பெனிகளும் இருந்தன. அந்த ஷெட்டுகள்தான் எங்கள் தொழிலின் பள்ளிக்கூடம். என் ஆசான் ஒரு பஸ் ஷெட்டில் பணி படித்தவர். நான் கோட்டாறில் அவரிடம் படித்தேன்.

அன்றைக்குக் கார் என்றால் மூன்று. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், இருக்கிற வண்டியை யாரும் கைவிட மாட்டார்கள். ஸ்பேர் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையிலிருந்து லாரி பார்சலில் வர வேண்டும். வராவிட்டால் இங்கேயே செய்வோம். புஷ்ஷைக் கன்மெட்டலில் கடைவோம், தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்து ஸ்லீவ் இறக்குவோம், பிரேக் டிரம்மைச் சீவுவோம். பில்லில் சாமானை விட லேத்துக் கூலியே பெரிதாக நிற்கும்.

பழைய அம்பாசடர் வாங்க வருகிறவர்கள் இன்றும் பெயிண்டைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். ஆசான் சொல்வார்: "பெயிண்டைப் பாக்காத மக்களே, நிப்பிளைப் பாரு. கிரீஸ் கட்டியாக் கெடந்தா வண்டியை ஒருத்தரும் நோக்கல்லன்னு அர்த்தம்." அந்த வண்டியின் முன்சக்கரங்கள் கிங்பின்னிலும் மரை வெட்டிய டிரனியனிலும் நிற்கின்றன. கிரீஸ் வறண்டால் மரை தேயும். ஒருநாள் வளைவில் சக்கரம் மடங்கிவிடும். சோதிக்க ஒரு வழி உண்டு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்ட வேண்டும். டொக்கென்று ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின் போய்விட்டது. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எஞ்சின் 1489 சிசி. அந்தப் பழைய எஞ்சினில் கிராங்கின் பின்முனைக்கு ஆயில் சீல் கிடையாது; மரைபோல் வெட்டிய பள்ளம் சுழன்று எண்ணெயை உள்ளே திருப்பும். ஆகவே சொட்டு ஒழுகுவது நோயல்ல. ஆனால் பேரிங் தேய்ந்து ஒழுக்கு கூடினால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும். அந்த வண்டி நாகர்கோவில் டவுனுக்குள் ஒழுங்காக ஓடும். பாலமோர் எஸ்டேட் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கி உறுமிக்கொண்டு நிற்கும். கோடையில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிட்டால் அதன்மேல் ஈரத்துணி போடுவது ஊரறிந்த வைத்தியம்.

2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஊர்க் காற்றுக்கு அது நல்லது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைக் காத்தது அந்த ஈயம். அது போனபின் வால்வு சீட் உள்வாங்கியது, டேப்பட் இடைவெளி சுருங்கியது, கம்ப்ரஷன் குறைந்தது. ஹெட்டைக் கழற்றி, கடினமான எஃகு வளையம் அடித்து, வால்வை லேப்பிங் செய்து கொடுத்தோம். அதற்கு முன்பே பலர் டீசல் சிக்கனத்துக்காக மேட்டடோர் வேனின் எஞ்சினை அம்பாசடரில் ஏற்றியிருந்தார்கள். செலவு மிச்சமானது உண்மை. கூடுதல் பாரம் முன்பக்கத்தைத் தின்றதும் உண்மை.

எல்லாவற்றையும் விடப் பெரிய நோய் துரு. நாஞ்சில் நாட்டுக்கு மழை இரண்டு: ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. போதாததற்கு உப்புக்காற்று. முட்டத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ வரும் வண்டியின் கால்மிதியைத் தூக்கினால் சிலசமயம் ரோடு தெரியும். கதவின் அடியில் வெள்ளம் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. சேறு அடைத்தால் கதவு உள்ளிருந்தே இற்றுவிடும். மழைக்கு முன் ஒரு சைக்கிள் கம்பியால் அதைக் குத்தி விடுங்கள், காசில்லாத வேலை. பழைய டிங்கர்கள் இற்றதை வெட்டி எறிந்து, புதுத் தகடு பற்றவைத்து, ஈயம் உருக்கி நிரப்புவார்கள். பிறகு வந்தவர்கள் துருவின் மேலேயே பட்டி பூசினார்கள். பட்டிக்கு அடியில் ஈரம் நின்று, வண்டி இரட்டி வேகத்தில் அழிந்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

1983-இல் மாருதி 800 வந்தது. சாமான் மலிவு, எங்கும் கிடைக்கும், கழற்றி மாட்டினால் போதும். கடையும் வேலை மெல்லக் குறைந்தது. 2014-இல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. இப்போது அந்த எஞ்சினை இறக்கி, போரிங், கிராங்க் கிரைண்டிங், பிஸ்டன், பேரிங் என்று முழுதாகச் செய்ய அரை லட்சத்தைச் சுற்றி ஆகும். துரு வெட்டித் தகடு வைத்துப் பெயிண்ட் அடிக்க லட்சம் தாண்டும். பதினைந்து வருடம் கழிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கையில் காசு குறைவென்றால் முதலில் கிங்பின்னும் பிரேக்கும், அடுத்து அடித்தகடு, அதற்கடுத்து எஞ்சின், பெயிண்ட் கடைசியில். இந்த வரிசையை மாற்றச் சொன்னால் நான் வேலை எடுப்பதில்லை.

புதுப்பேட்டையிலிருந்து இப்போது வரும் புஷ்கள் அளவு நிற்பதில்லை. அதனால் பழையபடி கடையவே கொடுக்கிறோம். என்னிடம் பணி படிக்கும் பையன்கள் இரண்டு பேர். ஸ்கேனரும் போடுவார்கள், வால்வு சீட்டும் வெட்டுவார்கள். புஷ் கடைய மட்டும் கோட்டாறுக்குப் போக வேண்டும். அங்கே லேத்தில் நிற்பவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பையன்களில் ஒருவனை இந்த வருடமே அவரிடம் அனுப்பப் போகிறேன். கூலியை நான் கொடுக்கிறேன் என்று அவன் அம்மாவிடம் பேசியாகிவிட்டது.