பழைய லொறிக்குப் புதிய மீற்றர்: காசு கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஓடுகிற பழைய லொறிகளில் ஏறிப் பார்த்தால், டாஷ்போட்டில் ஏதாவது ஒரு முள்ளாவது செத்துக் கிடக்கும். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று தாங்கிக்குள் தடி விட்டுப் பார்ப்பார்கள். எஞ்சின் சூட்டை மணத்தாலும் சத்தத்தாலும் அறிவார்கள். அனுபவமுள்ள சாரதிக்கு அது போதும் என்று சொல்வதும் உண்டு.

இந்த நிலை சாரதிகளின் அலட்சியத்தால் மட்டும் வந்ததல்ல. யுத்த காலத்தில் படுவான்கரைக்கு உதிரிப்பாகம் கொண்டுபோவதே ஒரு போராட்டம். எஞ்சின் ஓடினால் போதும், முள் ஆடாவிட்டால் பரவாயில்லை என்றுதான் பலர் வாகனங்களைக் காப்பாற்றினார்கள். 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்த வாகனங்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றன. நின்ற வாகனத்தில் முதலில் கெடுவது வயர் முனைகளும் சென்சர்களும்தான். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் தடை தளர்ந்தாலும் விலை ஏழைக்கு எட்டவில்லை. ஆகவே இருபது, முப்பது வருடப் பழைய இசுசு எல்ஃப், மிட்சுபிசி கன்டர், டாட்டா லொறிகளைத்தான் இன்னும் ஓட்டவேண்டியிருக்கிறது.

என் மாமி ஒருவர், கணவர் விட்டுப்போன எல்ஃப் லொறியைச் சாரதி வைத்து ஓட்டுகிறார். நெல் ஏற்றிக்கொண்டு செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறுவதும், மரக்கறியோடு இறங்குவதும் அதன் தொழில். ஒருநாள் ஏற்றத்தில் றேடியேற்றர் குழாய் வெடித்தது. சூட்டு மீற்றர் பழுது என்பதால் சாரதிக்குத் தெரியவில்லை. ஹெட் காஸ்கட் எரிந்து, ஹெட்டும் வளைந்துவிட்டது. மகளுக்கென்று வைத்திருந்த நகை அடகுக்குப் போனது. அதன் பிறகு, மாமியைப் போல லொறி ஓட்டத் தெரியாத உரிமையாளரும் கடையில் நின்று சரியான கேள்வி கேட்கக்கூடிய விதமாக இந்த விவரங்களை மெக்கானிக்குகளிடமும் வயரிங் பாஸ்மாரிடமும் கேட்டுத் தொகுத்தேன்.

எதை முதலில் மாற்றுவது?

காசு குறைவென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. காற்று பிரேக் உள்ள லொறி என்றால் காற்றழுத்த மீற்றரும் அதன் எச்சரிக்கை மணியும் முதலிடம். அது உயிர் சம்பந்தப்பட்டது. அடுத்து எஞ்சின் சூடு, ஒயில் அழுத்தம். இந்த இரண்டும் எஞ்சினைக் காப்பவை. பிறகு பற்றரி வோல்ட், டீசல், வேகம் என்று போகலாம்.

ஒயிலுக்குச் சிவப்பு விளக்கு இருக்கிறதே, மீற்றர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்த விளக்கு பெரும்பாலான வாகனங்களில் அழுத்தம் ஏறத்தாழ முற்றாக விழுந்த பிறகுதான் எரியும். பெயாரிங் தேயத் தொடங்கி அழுத்தம் மெல்ல மெல்லக் குறைவதை முள் மட்டுமே காட்டும்.

செத்தது மீற்றரா, வயரா?

புதிய மீற்றர் வாங்க முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எல்லா முள்ளும் ஒன்றாகச் செத்திருந்தால் பியூஸ், பின்பக்க இணைப்பு, எர்த் வயர் ஆகியவற்றில்தான் பிழை இருக்கும். ஒரு முள் மட்டும் என்றால், சாவியைப் போட்டு, சென்சரில் இருந்து வயரைக் கழற்றி, ஒரு விநாடி மட்டும் எஞ்சின் இரும்பில் தொடச் சொல்லுங்கள். முள் ஒரு ஓரத்துக்கு ஓடினால் மீற்றரும் வயரும் நல்லம், சென்சர்தான் கெட்டது. முள் அசையாவிட்டால் வயர் அறுந்திருக்கலாம், அல்லது மீற்றர் போயிருக்கலாம். இது பழைய முள் மீற்றருக்கான சோதனை. மின்னணுப் பலகை உள்ள புதிய டாஷ்போட்டில் செய்யக்கூடாது.

நம் பகுதியில் உவர்க்காற்று பெரிய எதிரி. வாவிக்கும் கடலுக்கும் இடையில் நிற்கிற லொறிகளில் எர்த் வயரின் முனை பச்சை பூத்துப்போயிருக்கும். அதைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கினாலே சில மீற்றர்கள் உயிர் பெறும்.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

ஜப்பான் லொறிகளில் பல 24 வோல்ட். சிறியவற்றில் 12 வோல்ட்டும் உண்டு. இரண்டு பற்றரி இருப்பதால் மட்டும் 24 என்று முடிவெடுக்க வேண்டாம். மல்ரிமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குக் கிட்ட வந்தால் 12 வோல்ட் அமைப்பு, 28 க்குக் கிட்ட வந்தால் 24 வோல்ட் அமைப்பு. 12 வோல்ட் மீற்றரை 24 இல் போட்டால் எரிந்துவிடும். உள் விளக்கு பல்புக்கும் இதே கணக்குத்தான்.

மீற்றரையும் சென்சரையும் சோடியாக வாங்குங்கள்

அதிகம் பிழைக்கிற இடம் இது. மீற்றர் என்பது சென்சரின் மின்தடையை அளந்து முள்ளாகக் காட்டும் கருவி. ஒவ்வொரு நாட்டுத் தயாரிப்பும் ஒவ்வொரு அளவு. டீசல் மீற்றரை எடுத்தால், அமெரிக்க வகையில் தாங்கி வெறுமையாக இருக்கும்போது 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய வகை ஒன்றில் வெறுமைக்கு 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். ஒன்றின் மிதவைக்கு மற்றதன் மீற்றரைப் போட்டால், தாங்கி காயக் காய முள் நிறைவை நோக்கி ஏறும்!

சூட்டுக்கும் ஒயிலுக்கும் இதே பிரச்சினை உண்டு, அங்கே பிழை கண்ணுக்குத் தெரியாது. முள் 80 பாகையில் நிற்கும், எஞ்சின் 105 இல் கொதிக்கும். ஆகவே மீற்றரை மட்டும் தந்து 'பழைய சென்சரே காணும்' என்று கடைக்காரர் சொன்னால், ஓம் அளவு இரண்டிலும் ஒன்றா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சோடியாகத் தரும் இடத்தில் வாங்குங்கள்.

மரை பொருந்துகிறதா?

சென்சரின் மரையும் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் எஞ்சின்களில் அதிகம் காணப்படும் எட்டிலொரு அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க வகைக்கு 27. கையால் இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். பலவந்தமாக முறுக்கினால் எஞ்சின் பக்க மரை நாசமாகும் அல்லது ஒயில் கசியும். பழைய சென்சரைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் ஒப்பிடுவதே நல்லது.

ஒற்றை வயர் சென்சர் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். வெள்ளை ரேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் அந்த எர்த் கெட்டு முள் பொய் சொல்லும். ஒயில் விளக்கையும் மீற்றரையும் ஒரே இடத்தில் பொருத்த 'ரீ' துண்டு போடுவார்கள். பாரமான சென்சரை நேரடியாகப் பித்தளை 'ரீ'யில் தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் முறிந்து ஒயில் முழுவதும் வெளியேறலாம். குழாய் வைத்து சட்டத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

மின் மீற்றரா, குழாய் மீற்றரா?

குழாய் வைத்த மீற்றருக்குப் பற்றரி தேவையில்லை, வயர் கோளாறும் இல்லை. ஆனால் ஒயில் அழுத்த மீற்றரில் சுடு ஒயில் சாரதியின் முழங்கால் வரைக்கும் குழாயில் வரும். மலிவான பிளாஸ்ரிக் குழாய் வெடித்தால் ஆபத்து. செப்புக் குழாய், உரசும் இடங்களில் ரப்பர் உறை என்றால் பரவாயில்லை. சூட்டு மீற்றரின் மெல்லிய குழாயை வெட்டவோ மடிக்கவோ கூடாது. நீளம் கூடினால் சுருளாக வையுங்கள். கபின் முன்னால் கவிழ்கிற லொறிக்கு மின் மீற்றரே வசதி.

சூட்டு மீற்றர் எதுவானாலும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். சென்சர் தண்ணீரில் தோய்ந்திருந்தால்தான் உண்மை சொல்லும். குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால், முள் ஏறாமல் இருக்கலாம், கீழே விழவும் கூடும். மலையேறும் லொறிக்கு, ஹெட்டின் இரும்பிலேயே பொருத்துகிற வெப்ப அலாரம் ஒன்றையும் சேர்த்துப் போடுவது நல்லது. ஓடும்போது முள் திடீரென விழுந்தாலும் நிறுத்திப் பார்க்கும்படி சாரதியிடம் சொல்லிவையுங்கள்.

பழைய லொறியில் அம்மீற்றர் இருந்தால் அதற்குப் பதில் வோல்ட் மீற்றர் போடலாம். சார்ச் மின்சாரம் முழுவதும் டாஷ்போட்டுக்குள் வந்து போகத் தேவையில்லை, தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறையும்.

வேகமும் கிலோமீற்றரும்

கேபிள் வேகமானியில், ஒரு கிலோமீற்றருக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது முகப்பில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஜப்பான் வாகனங்களில் பொதுவாக 637. புதிதாக வாங்குவதும் அதே எண்ணாக இருக்கவேண்டும். ரயர் 7.00-16 இலிருந்து 7.50-16 க்கு மாறியிருந்தால் உண்மை வேகம் மீற்றர் காட்டுவதைவிட 3, 4 வீதம் கூடுதலாக இருக்கும். சரிபார்ப்பது சுலபம். முள்ளை 60 இல் பிடித்து ஓட்டினால், வீதியோரக் கிலோமீற்றர் கல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 60 விநாடி ஆகவேண்டும்.

லொறியைப் பிறர் கையில் கொடுத்திருப்பவருக்குக் கிலோமீற்றர் எண் ஒரு கணக்குப் புத்தகம். எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் டீசல், ஒயில் மாற்றி எவ்வளவு தூரம் ஓடியது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும். சாரதியோடு வீண் சந்தேகமும் வராது.

புதிதா, கழற்றியதா?

கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் அங்கிருந்து வாங்கி விற்கிற நம்மூர்க் கடைகளிலும் ஜப்பான் லொறிகளின் முழு டாஷ்போட் தொகுதி கழற்றியதாகக் கிடைக்கும். அதே மொடல், அதே எஞ்சின், அதே வோல்ட், பின்பக்கச் செருகி ஒன்று என்றால் அது நல்ல தெரிவு. பின்னால் உள்ள செப்புத் தாள் உரிந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாகப் புதிது வாங்கினால் 52 மில்லிமீற்றர் துளை பொதுவான அளவு. எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டில் மொடலையும் வோல்ட்டையும் எழுதி வாங்குங்கள், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக ஒரு வார்த்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருத்திய முதல் வாரத்தில், பாரத்தோடு ஓடும்போது ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, கண்ணாடியில் சிறு வெள்ளைக் கோடு போடச் சொல்லுங்கள். பிஎஸ்ஐ, பார், கிலோ என்று எந்த அளவில் எழுதியிருந்தாலும் கோட்டைத் தாண்டினால் ஓரம் கட்டு என்பது எந்தச் சாரதிக்கும் விளங்கும். மாமியின் லொறியில் இப்போது மூன்று கோடுகள் உள்ளன. புதிதாக வருகிற சாரதிக்குச் சாவியைக் கொடுக்க முன், அவர் கதவைத் திறந்து அந்த மூன்றையும் விரலால் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்.